உடைந்த வீட்டை எழுதி வையுங்கள்

வடக்கிலும் கிழக்கிலும் போரில் வீடிழந்த குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களில் சிலருக்கு என் முகம் நினைவிருக்கலாம். பெயர் நினைவிராது. மோட்டார் சைக்கிளில், அளவு நாடாவும் படிவக் கட்டுமாக உங்கள் வளவுக்குள் வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்களில் நானும் ஒருவன். "ரி.ஓ. வந்திட்டார்" என்று நீங்கள் சொல்லுவீர்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த ஒரேயொரு கதிரையை எடுத்து வெளியில் போடுவீர்கள். சீனி இல்லாத வீட்டிலும் தேத்தண்ணி வரும். நான் உடைந்த சுவரைப் பார்ப்பேன், படிவத்தில் ஒரு கோடு போடுவேன், கையெழுத்து வாங்குவேன், அடுத்த வளவுக்குப் போவேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் படிவத்தில் எழுதாமல் விட்டதைப் பற்றித்தான் இந்த மடல்.

2010 ஆம் ஆண்டு, கிளிநொச்சிப் பக்கம், வாய்க்கால் கரையோரம் ஒரு காணி. செட்டிகுளம் முகாமிலிருந்து வந்து இரண்டு மாதமாகியிருந்த ஒரு அம்மா. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் ஒரு மூலைச் சுவரும்தான் மிச்சம். ஆனால் அவர் என்னை வாசலால்தான் கூட்டிக்கொண்டு போனார். கதவில்லாத வாசலில் செருப்பைக் கழற்றினார், நானும் கழற்றினேன். "இது விறாந்தை. இது சாமியறை. இந்த அறைக்குத்தான் கடைசியாச் சீமெந்து போட்டது, போட்டு மூண்டு மாசத்திலை இடம்பெயர்ந்திட்டம்." இரணைமடுத் தண்ணீரில் பத்துப் போகம் நெல் விதைத்துக் கட்டிய வீடாம். எல்லா அறையும் முடிந்து வெளியே வந்தபோது கேட்டார்: "தம்பி, எல்லாம் எழுதிப் போட்டியளோ?"

"ஓமம்மா, எழுதிட்டன்" என்றேன்.

பொய் சொன்னேன். என் கையிலிருந்த படிவத்தில் முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவதில் ஒரு சரி போட்டிருந்தேன். குடும்பத்தில் எத்தனை பேர், பெண் தலைமைத்துவக் குடும்பமா, காணிக்கு உறுதி உண்டா பெர்மிட் உண்டா என்று கேட்கப் படிவத்தில் இடமிருந்தது. விறாந்தைக்கும் சாமியறைக்கும் பத்துப் போகத்துக்கும் இடமிருக்கவில்லை. அந்தப் படிவம் கேட்டது இனிக் கட்டவேண்டிய வீட்டைப் பற்றி. அவர் காட்டியது இருந்த வீட்டை.

இந்த வித்தியாசத்தை அன்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இருக்கவில்லை. ஒரு நாளைக்கு இருபது வளவு பார்த்தாக வேண்டும். இன்று அதைத் தவிர வேறொன்றும் யோசிக்க வருவதில்லை.

நமக்குக் கிடைத்ததெல்லாம் உதவி. இழப்பீடு என்பது வேறு. "உனக்கு வீடில்லை, இந்தா, கட்டிக்கொள்" என்பது உதவி. அதைத் தருபவர் யாராகவும் இருக்கலாம். எவ்வளவு தருவது என்பது அவர் கையில். "உன்னிடம் இன்ன வீடு இருந்தது, அது இன்ன நாளில் இன்னதால் உடைந்தது, அதன் பெறுமதி இவ்வளவு, அது உனக்குச் சேரவேண்டும்" என்பது இழப்பீடு. அங்கே அளவுகோல் உங்கள் இழப்பு. முதலாவதற்குப் பயனாளிப் பட்டியல் போதும். இரண்டாவதற்கு இழப்பின் பதிவேடு வேண்டும். நம்மிடம் பயனாளிப் பட்டியல்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. வீட்டை வீடாக, அறையை அறையாக எழுதிய பதிவேட்டை என் சேவைக் காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை.

உதவியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 2004 கடைசியில் உலக வங்கியின் பணத்தில் வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டம் வந்தது. முழுச் சேத வீட்டுக்கு முதலில் இரண்டரை இலட்சம் ரூபா, பின்னர் மூன்றேகால் இலட்சம். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது அகதிகளுக்கான ஐ.நா. முகவரகம் 25,000 ரூபா தந்தது. பிறகு இந்திய வீட்டுத்திட்டம். 2010 இல் 50,000 வீடுகள் என்று அறிவித்தார்கள். பரீட்சார்த்தமாக 1,000 வீடுகள் முதலில் எழும்பின. 2012 ஒக்டோபர் 2 ஆம் திகதி பெரிய கட்டம் தொடங்கியது. புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம், திருத்தத்துக்கு இரண்டரை இலட்சம். பணம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகாமல் உங்கள் வங்கிக் கணக்குக்கே வந்தது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை எழும்ப எழும்பத் தவணை விடுவித்தார்கள். கணவனை இழந்த பெண்கள் தாங்களே மணலுக்குப் பேரம் பேசி, மேசன்மாரை மேய்த்து, கல்லரிந்து வீடு கட்டினார்கள். வடக்கு கிழக்கில் அப்படி எழும்பிய வீடுகள் ஏறத்தாழ 46,000. நான் கண்ணால் கண்ட நல்ல காரியங்களில் அது ஒன்று. 1987 இல் இந்தியப் படையின் செல்லில் கூரை போன ஒரு முதியவர், அந்த ஐந்தரை இலட்சத்தில் கூரை போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தமென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது.

ஆனால் உதவிக்கு ஒரு குணம் உண்டு. அது தேவையைப் பார்க்கும், இழப்பைப் பாராது. எட்டு அறை நாற்சார் வீட்டை இழந்தவருக்கும், கிடுகு மேய்ந்த மண்வீட்டை இழந்தவருக்கும் அதே 550 சதுர அடி. ஒரு விதத்தில் அதுவே நியாயம் என்பேன். இரண்டு பேருக்கும் மழை ஒன்றுதான். ஆனால் புள்ளி போட்டு ஆள் தெரிந்தபோது, மனைவியையும் பிள்ளைகளையும் போரில் முள்ளிவாய்க்காலில் பறிகொடுத்துத் தனியே திரும்பி வந்த மனிதர் பட்டியலின் அடியில் கிடந்தார். குடும்ப அங்கத்தவர் தொகைக்குப் புள்ளி. அவருடைய குடும்பத்தில் ஒருவர்தான். அவருடைய இழப்பே அவருடைய புள்ளியைக் குறைத்தது. தாலிக்கொடியை அடைவு வைத்தோ, வெளிநாட்டிலிருக்கிற தம்பியிடம் வாங்கியோ ஒரு பக்கச் சுவரை எழுப்பியவர்களைப் பார்த்து, "உங்களுக்குத்தான் வீடிருக்கே" என்று சொல்லிப் பெயரை வெட்டினோம். தறப்பாளுக்குள்ளேயே இருந்தவருக்குப் பெயர் வந்தது. வெட்டிய கைகளில் என் கையும் ஒன்று.

பெயர் வந்தவர்களுக்கும் கதை முடியவில்லை. ஐந்தரை இலட்சம் அறிவித்தபோது இருந்த சீமெந்து விலை கூரை போடும்போது இருக்கவில்லை. லின்டல் மட்டத்துக்குச் சுவர் வந்தால்தான் அடுத்த தவணை; சுவர் வரக் காசில்லை. நகை பாங்குக்குப் போனது, பிறகு நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்றார்கள். "ஒரு அறை கூடப் போடுவம், பிள்ளை பெரிசாகுது" என்று ஆசைப்பட்டது குற்றமா? இழந்த வீட்டில் நான்கு அறை இருந்த மனுசிக்கு இரண்டு அறை போதாமல் தெரிந்தது, அவ்வளவுதான். இழப்பை அளந்து கொடுக்காத இடத்தில், அந்த வித்தியாசத்தை உங்கள் நகையால் நீங்களே கட்டினீர்கள்.

இன்னொரு பக்கம், உங்களைக் கேளாமலே உங்களுக்கு வீடு தீர்மானிக்கப்பட்டதும் உண்டு. 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைக் கொண்டுவரப் போனார்கள். ஒன்று 21 இலட்சம் ரூபாவுக்கு மேல். அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்று பொறியியலாளர்களும் பொது அமைப்புகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் வெயிலுக்குள் தகரப் பெட்டியா என்று நீங்களும் கேட்டீர்கள். திட்டம் சுருங்கிக் கைவிடப்பட்டது. பிறகு 2018, 2019 இல் தொடங்கிய சில வீடுகள் ஆட்சி மாறியதும் தவணை நின்று அரைச் சுவரோடு நின்றன. தருபவர் கையில் இருக்கும்வரை, நிறுத்துவதும் அவர் கையில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புனர்வாழ்வு அதிகாரசபை ஒன்று இருந்தது. சொத்துச் சேதத்துக்கு அங்கே விண்ணப்பித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உச்ச வரம்புக்குள் ஒரு தொகை, அதுவும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து. 2018 இல் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் உருவானது. இழப்பீடு என்ற சொல் நம் சட்டப் புத்தகத்தில் ஒரு அலுவலகத்தின் பெயராக ஏறியது சின்ன விடயமில்லை. ஆனால் அந்த அலுவலகம் நாளைக்கு உண்மையாகவே கண்விழித்து, "உங்கள் வீடு எப்படி இருந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரிடம் பதில் இருக்கிறது?

மற்ற நாட்டார் இதை எப்படிச் செய்தார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் வாசித்தேன். சேவையிலிருந்தபோதே வாசித்திருக்கலாம்.

லண்டனில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த நாட்களிலேயே, 1941 மார்ச்சில், பிரித்தானியப் பாராளுமன்றம் போர்ச் சேதச் சட்டத்தை நிறைவேற்றியது. வீடு, கட்டடம் வைத்திருந்த எல்லாரும், குண்டு விழாத ஊரிலிருந்தவர்களும், தங்கள் கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியில் பவுணுக்கு இரண்டு ஷில்லிங் வீதம் ஐந்து ஆண்டுக்குக் கட்ட வேண்டும். போதாததை அரசு போடும். திருத்தக்கூடிய வீட்டுக்குத் திருத்தச் செலவு, தீர்ந்துபோன வீட்டுக்கு அதன் பெறுமதி. குண்டு யார் தலையில் விழுவது என்பது அதிர்ஷ்டம், ஆகவே செலவு எல்லார் தலையிலும் விழட்டும் என்பது கணக்கு. என்னை அதைவிடப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அந்நாளைய லண்டன் கவுண்டி சபை ஊர் முழுவதற்கும் பெரிய வரைபடம் எடுத்து, ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிறம் தீட்டி வைத்திருந்தது. முற்றாக அழிந்தது கறுப்பு. திருத்த முடியாதது ஊதா. அப்படியே சேதம் குறையக் குறைய வேறு வேறு நிறம். தெருத் தெருவாக, வீடு வீடாக. அந்தப் படங்களின் அச்சைப் பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். சாவகச்சேரிக்கு அப்படி ஒரு படம் உண்டா? 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த நகரம் தரைமட்டமானது. எந்தக் கடை, எந்த வீடு, எந்த நிறம்?

ஜெர்மனியில் 1952 இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இழப்பை நிர்ணயிக்க, மற்றது சுமையைப் பகிர. முதலில் எழுது, பிறகு கொடு. போரில் சொத்துத் தப்பியவர்களிடம், 1948 யூன் மாத மதிப்பில் பாதியை முப்பது ஆண்டில் தவணையாக அறவிட்டார்கள். அது 1979 வரை போனது. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களிடம் ஒரு துண்டுப் பத்திரமும் இருக்கவில்லை. அதற்கென்றே தகவல் நிலையங்கள் வைத்தார்கள். பழைய ஊர்க்காரர், அயலவர், முந்தி அந்த ஊர் நிர்வாகத்தில் இருந்தவர்கள் வந்து, "ஓம், இவருக்கு அங்கே இத்தனை அறை வீடும் இவ்வளவு நிலமும் இருந்தது" என்று சாட்சி சொன்னார்கள். பத்திரம் எரிந்த இடத்தில் அயலட்டை நின்றது.

குவைத் கதை நமக்கும் கொஞ்சம் தெரியும். 1990 இல் ஈராக் படையெடுத்ததற்கு ஐ.நா. ஓர் இழப்பீட்டு ஆணைக்குழு வைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, 2022 ஜனவரிக்குள் 52.4 பில்லியன் டொலர் கொடுத்து முடித்தது. அங்கே வீட்டு வேலைக்குப் போயிருந்த இலங்கைப் பெண்களும் படிவம் நிரப்பிப் பணம் பெற்றார்கள். பிறத்தியாரின் போரில் இழந்த சம்பளத்துக்குப் படிவம் இருந்தது. சொந்த ஊரில் இழந்த வீட்டை அறை அறையாகக் கேட்ட படிவத்தை நான் கண்டதில்லை.

உக்ரைனில் போர் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஐரோப்பிய சபை 2023 இல் சேதப் பதிவேடு ஒன்றை ஹேக் நகரில் தொடங்கிவிட்டது. 2024 ஏப்ரலில் அதில் முதலில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை வீட்டுச் சேதங்கள். பணம் எங்கிருந்து வரும் என்பது தீர்மானமாகும் முன்பே பதிவேட்டைத் திறந்துவிட்டார்கள். நம்மிடம் போர் ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அரசாங்கத்துக்கு எழுதியவர்கள் நிறையப் பேர். அந்த மடல்களின் பிரதிகளை நானே கோவையில் இட்டிருக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: உடைந்த வீட்டை எழுதி வையுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். எழுபது வயதுக்காரர்தான் அந்த வீட்டின் மேல்வளை என்ன மரம் என்று சொல்லுவார். மகனுக்கு அது தெரியாது. பேரனுக்கு அந்த ஊரே தெரியாது.

நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. "எழுதி என்ன வரப்போகுது தம்பி? ஆர் தரப்போகினம்?" காசு வரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தரவேண்டியவர் யார் என்பதிலேயே இந்த நாட்டில் உடன்பாடில்லை. ஆனால் தருகிற நாள் ஒன்று வந்தால், எழுதியிருப்பவரும் எழுதாதவரும் ஒரே வரிசையில் நிற்கமாட்டார்கள் என்பது எனக்கு உத்தியோக அனுபவத்தில் தெரியும். "உங்களுக்குத்தான் வீடு தந்தாயிற்றே, கணக்கு முடிந்தது" என்று நாளைக்கு ஒருவர் சொன்னால், எந்தக் கணக்கு என்று கேட்க உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். அது தவிர, உங்கள் வீட்டுக்குள்ளேயே நாளை வரப்போகிற வழக்குகளை யோசியுங்கள். தேசவழமைப்படி சீதனமாக மகளுக்குப் போன வீடு, மகள் கனடாவில், உறுதி எரிந்துபோனது, வளவில் வேறொருவர் இருக்கிறார். பத்து வருட ஆட்சி என்று அவர் உரிமை கோரலாம். போரால் காணிக்குப் போகமுடியாதிருந்த 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அதில் கணக்கெடுக்காதிருக்க 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வழக்குப் போட இரண்டே ஆண்டு அவகாசம். எத்தனை பேருக்கு அது தெரிய வந்தது? கையில் குறிப்பில்லாதவருக்குச் சட்டம் வந்தும் பயனில்லாமல் போனது.

எப்படி எழுதுவது? நான் அளந்த வீடுகளிலிருந்து சொல்கிறேன்.

ஒரு சி.ஆர். கொப்பி போதும். முதலில் காணியின் பெயரை எழுதுங்கள். உறுதியில் உள்ள பழைய பெயர். ஊரார் சொல்லும் பெயர் வேறென்றால் அதையும். எத்தனை பரப்பு, எத்தனை குழி. நான்கு எல்லையிலும் யார் யார் இருந்தார்கள். கிணறு தனியா பங்கா, வழி வாய்க்கால் உரிமை எப்படி. உறுதி தொலைந்திருந்தாலும் அதன் இலக்கமோ, எழுதிய நொத்தாரிசின் பெயரோ, ஏறத்தாழ எந்த ஆண்டென்றோ ஞாபகமிருந்தால் எழுதுங்கள். நொத்தாரிசுமார் காணிப் பதிவகத்துக்கு இரண்டாம் பிரதி அனுப்புவது வழக்கம், தேடிப் பார்க்க அது ஒரு நூல். வன்னியில் பெர்மிட் காணிக்காரர், யார் பெயரில் எந்தக் காணிக்கச்சேரியில் கிடைத்தது என்று எழுதுங்கள்.

பிறகு வீடு. வாசலில் தொடங்கி, அந்த அம்மா என்னைக் கூட்டிப்போனதுபோல, நடந்தபடி எழுதுங்கள். ஒவ்வொரு அறையும் எத்தனை அடி. தெரியாவிட்டால் எத்தனை எட்டு. சுவர் செங்கல்லா, சீமெந்துக் கல்லா, சுண்ணாம்புக் கல்லா, மண்ணா. மண்வீடு என்று வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள், அதுவும் வீடுதான். கூரை ஓடா, சீற்றா, கிடுகா. மரம் என்ன மரம். தண்ணீர்த் தொட்டி, மாட்டுக் கொட்டில், நெல் அறை, கடைத்தொகுதி, வள்ளம், தையல் மெசின். எத்தனை பனை, எத்தனை தென்னை, எத்தனை பலா. யார் கட்டினார், எந்தப் பணத்தில், எத்தனை வருடமெடுத்து.

அடுத்தது, வீடு எப்படிப் போனது. படிவங்கள் சேதமடைந்த திகதி என்று ஒரு நாளைக் கேட்கும். நம் வீடுகள் ஒரே நாளில் உடைந்தவை அல்ல. 1987 இல் ஓடு, 1990 இல் பொம்மரடியில் குசினி, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது விட்டுவிட்டு வந்த வீட்டின் கதவு நிலைகள், பிறகு ஆளில்லாத காலத்தில் வளையும் தீராந்தியும். எல்லாவற்றையும் எழுதுங்கள். சகடை விமானமா, கிபிர் விமானமா, செல்லா என்று தெரிந்ததை எழுதுங்கள். புலிகள் இயக்கம் காவலரணுக்குச் சுவரை இடித்ததென்றால் அதையும், ஆமி புல்டோசர் விட்டதென்றால் அதையும், அயலூரார் ஓடு கழற்றினார்களென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு பக்கத்தை மறைத்த பதிவேட்டை எதிர்ப்பக்கம் ஒரே நாளில் கிழித்துப்போடும். தெரியாததை ஊகித்து எழுதவும் வேண்டாம். வீட்டை ஓர் அறை கூட்டி எழுதினால், இருந்த அறைகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

சாட்சிப் பொருட்களைத் தேடுங்கள். சோலைவரி ரசீது, மின்சார பில், கடிதத்தின் விலாசம், பழைய வாக்காளர் இடாப்பு. வெளிநாட்டில் இருக்கிற உறவுகளின் அல்பங்களில் உங்கள் வீடு இருக்கிறது. கலியாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் தெரிகிற தூண், சாமத்தியவீட்டுப் படத்தில் விறாந்தைத் தரை. அவற்றை அனுப்பச் சொல்லுங்கள். முடிவில் அயலவர் இருவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, அவர்களின் கையெழுத்தையும் வாங்குங்கள். அவர்களுடைய கொப்பியில் நீங்கள் இடுங்கள். மூலப் பத்திரத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பிரதி கொடுங்கள். பதிந்து தருகிறேன் என்று காசு கேட்பவருக்குப் படலையைக் காட்டுங்கள்.

ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். உங்கள் கொப்பியில் எல்லைக்காரர் பெயர்களை எழுதும்போது, 1990 ஒக்டோபரில் இயக்கத்தால் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பெயர்களும் வரும். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களுடைய வீடுகளின் ஓட்டுக்கும் நிலைக்கும் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். அந்த வீடுகளை நினைவிருப்பவர்கள் புத்தளத்தில் முதுமையடைகிறார்கள். இங்கே நாமும் முதுமையடைகிறோம். அவர்களுக்குச் சாட்சிக் கையெழுத்துத் தேவைப்பட்டால் போடவேண்டியவர்கள் நாம்தான். எல்லைக் கிராமங்களில் வீடிழந்த சிங்களக் குடும்பங்களுக்கும் அதேதான். நம் வீட்டுக்குச் சாட்சி கேட்கும் உரிமை, அயல் வீட்டுக்குச் சாட்சி சொன்ன பிறகுதான் நமக்கு வரும்.

சொல்லுக்கு முதல் செய்கை வேண்டுமென்று என் கொப்பியை நான் தொடங்கினேன். எனக்கும் ஒரு வீடு இருந்தது. வலிகாமம் வடக்கில், அம்மாவின் சீதன வீடு. 1990 யூனில் விட்டுவிட்டு ஓடிவந்தோம். 28 வருடத்தின் பின், 2018 இல் இராணுவம் தன் வேலிக்கம்பியை விலக்கியது. போய்ப் பார்த்தபோது, ஊரார் வீடுகளை அளந்தே காலம் கழித்தவனுக்குத் தன் வளவின் எல்லை தெரியவில்லை. அத்திவாரமே கிளப்பப்பட்டிருந்தது. நான் அதுவரை அந்த வீட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதி வைத்திருக்கவில்லை. அம்மா அதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டா. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மிச்சமிருந்த ஞாபகத்தில் எழுதியது இது. குறை இருந்தால் என் ஊரவர்கள் திருத்துங்கள்:

காணியின் பெயர் இலுப்பையடி வளவு. நான்கு பரப்பு. கிழக்கு ஒழுங்கை, மேற்கு பெரியம்மாவின் வளவு, தெற்கு தோட்டக் காணி, வடக்கு எல்லைக்காரர் பெயர் ஞாபகமில்லை, கேட்டு எழுத வேண்டும். கிணற்றில் நான்கில் ஒரு பங்கு. வீடு 1964 இல் தொடங்கி 1971 இல் குடிபூரல். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் அப்பாவின் சம்பளம், அம்மாவின் காப்பு இரண்டு சோடி. வடக்குப் பார்த்த வாசல். விறாந்தை, மண்டபம், அறை மூன்று, குசினி புறம்பாக. சுவர் அரிந்த சீமெந்துக் கல். கூரை ஓடு, வளை பனை, தீராந்தி வேம்பு. தென்னை ஒன்பது, பலா ஒன்று, முருங்கை. 1990 யூனில் செல் விழுந்து மண்டபத்து ஓடும் கிழக்குச் சுவரும் உடைந்தன. அதை நான் கண்டேன். மிச்சம் எப்போது, எவரால் போனதென்று நான் காணவில்லை. இன்று நிற்பது: கிணறு, பாதி தூர்ந்தது.

இரண்டு சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒன்று கிடைத்துவிட்டது. வடக்கு எல்லைக்காரரின் மகன் எங்கிருந்தாலும், இதை வாசித்தால், வந்து மற்றதை இடட்டும். வரும்போது அவருடைய கொப்பியையும் கொண்டுவரட்டும்.

உங்கள் வளவுகளில் தேத்தண்ணி குடித்தவன்,
ஓய்வு பெற்ற ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர்